சிமிழில் வந்த களிம்பு

சென்ற டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, அலுவலகம் முடிந்து டில்லிக் குளிரில் வீடு திரும்பியபோது, பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த என் மகளிடமிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்திருந்தது. உள்ளே மெல்லிய தாளில் பொதிந்த ஒரு கண்ணாடிச் சிமிழ். சிமிழுக்குள் வெண்ணெய் நிறத்தில், ரோஜா மணம் கமழும் ஒரு களிம்பு. முகத்தைத் தூய்மை செய்வதற்கென்றே ஆக்கப்பட்டது அது. கடைகளில் அதைக் 'கிளென்சிங் பாம்' என்று வழங்குகிறார்கள். "முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு" என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டை மகள் கவனமாகக் கிழித்துவிட்டாள். ஆனால், சட்டப்படி பெட்டியின் அடியில் அச்சிடப்பட்ட விலையை மறந்துவிட்டாள். எடை 90 கிராம். விலை 3,400 ரூபாய்.

அன்பை எண்ணி மனம் நெகிழ்ந்தது. விலையை எண்ணித் திடுக்கிட்டது. எங்கள் வீட்டில் ஒரு மாதக் காய்கறிச் செலவு அது. முகம் கழுவுவதற்கு இத்தனை பணமா என்று ஒரு குரல். குழந்தை ஆசையாக வாங்கியதைக் கணக்குப் பார்ப்பதா என்று மற்றொரு குரல். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி வருபவள் நான். எந்த வாசகத்தைக் கண்டாலும் அதன் பொருள் என்ன, அது உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது என் தொழில். ஆகையால், சிமிழைத் திறப்பதற்குமுன் இரண்டு கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். சோப்பு செய்யாத எதையேனும் இந்தக் களிம்பு செய்கிறதா? செய்யுமாயின், அதற்காகத்தான் இந்த விலையா? இவ்விரண்டுக்கும் நான் கண்ட விடைகளை இங்கே சொல்ல விழைகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து டில்லியிலும் பிற வட நகரங்களிலும் குடியேறிய நம்மில் பலருக்கு முதல் குளிர்காலம் ஓர் அதிர்ச்சி. முகம் வறண்டு, கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் படர்ந்து, சிரித்தால் தோல் இழுப்பது போலத் தோன்றும். "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிக்கொள்வோம். அச்சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பழி முழுவதும் தண்ணீரைச் சார்ந்ததன்று. குளிர்ந்த காற்று சிறிதளவு ஈரத்தையே தாங்கும். அக்காற்றை அறைக்குள் சூடாக்கினால் அது தாகம் கொண்டதுபோல் கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். நம் முகமும் அந்த இடங்களுள் ஒன்று. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று நாம் வெந்நீரில் முகம் கழுவுகிறோம். அதன்மேல் சோப்பையும் தேய்க்கிறோம்.

நம் தோலின் மேல்படலம் ஒரு செங்கல் சுவரைப் போன்றது. காய்ந்து தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இந்தச் சாந்துதான் உள்ளிருக்கும் ஈரம் வெளியே ஆவியாகாமல் காக்கிறது. சோப்பு அழுக்கின் எண்ணெய் எது, சுவரின் சாந்து எது என்று பிரித்தறியாது; இரண்டிலும் கைவைக்கும். அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு 5 என்ற அளவை ஒட்டிச் சற்றே அமிலமாக இருக்கும். சாதாரண சோப்பு நீரோ 9, 10 என்ற அளவில் காரமாக இருக்கும். இளமையில், ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில், இந்த வேறுபாடு உறுத்தாமல் போகலாம். நாற்பதைக் கடந்து, குளிர்நாட்டில் வாழும்போது அது முகத்தில் எழுதியதுபோல் தெரியும்.

தண்ணீரின் பங்கும் ஒன்று உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் கலந்து வரும் இடங்களில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் மிகுந்திருக்கும். அவை சோப்புடன் சேர்ந்து நீரில் கரையாத ஒரு வெண்கசடாக மாறுகின்றன. வாளியின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்திருக்கிறதே, அதுதான் அது. வாளியில் படிவது முகத்திலும் படியும். நுரை வரவில்லையே என்று மேலும் சோப்பைத் தேய்க்கிறோம். கசடும் கூடுகிறது, வறட்சியும் கூடுகிறது.

சோப்பு வருவதற்கு முன் நம் முன்னோர் எவ்வாறு உடலைத் தூய்மை செய்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிமிழின் மருமம் பாதி விளங்கிவிடும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை எண்ணிப் பாருங்கள். முதலில் நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறவைப்பார்கள். பிறகு சீயக்காய்த் தூளைக் குழைத்துப் பூசி அலசுவார்கள். முதற்படியில் எண்ணெய், தோலிலும் மயிரிலும் படிந்த எண்ணெய் அழுக்கைக் கரைத்துத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் படியில் சீயக்காயிலுள்ள சபோனின் என்னும் பொருள், அந்த எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து நீரோடு போகச் செய்கிறது. எண்ணெய் அழுக்கை எண்ணெயைக் கொண்டே எடுப்பது. எடுத்த எண்ணெயை நீரோடு அனுப்ப வேறொன்றைத் துணைக்கு அழைப்பது. இவ்வளவுதான் தத்துவம்.

எங்கள் கிராமத்துத் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். பொழுது புலரும்போது, கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் அமர்ந்து, அரிதாரம் பூசிய முகத்தில் தேங்காயெண்ணெயை வழித்துத் தேய்த்துப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருப்பார் துரியோதனன். சிவப்பும் கருப்பும் துணியில் இறங்க இறங்க, உள்ளிருந்து எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று வெளிப்படும். சிறுமியாக நான் வியந்து பார்த்த அந்தக் காட்சியில் இருந்ததும் இதே ரசாயனந்தான்.

மேலைநாடுகளிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்று விளங்கிய கிரேக்க மருத்துவர் காலென், தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, அதனோடு நீரைச் சேர்த்துக் கடைந்து ஒரு பூச்சு செய்ததாகக் கூறுவர். பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலைக் குளிரச் செய்ததால் அதன் வழிவந்த பூச்சுக்குக் 'கோல்டு கிரீம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நாடக மேடையின் நடிகர்கள் நெடுங்காலம் இத்தகைய பூச்சினாலேயே ஒப்பனையைத் துடைத்தெடுத்தனர். ஆனால் காலெனின் பூச்சிலும் நம் கூத்தரின் தேங்காயெண்ணெயிலும் ஒரு குறை இருந்தது. அழுக்கு கரைந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் முகத்திலேயே தங்கிவிடும். துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும், அல்லது பயற்றமாவு போன்ற ஒன்றைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்க்குள்ளேயே சீயக்காயின் வேலையைச் செய்யும் ஒரு பொருளையும் கலந்து வைத்துவிட்டால்? இக்காலக் களிம்பு செய்திருப்பது அதைத்தான்.

இனிச் சிமிழின் அட்டைக்கு வருவோம். நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ், 1962-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் ஒப்பனைப் பொருள்களும் கொண்டுவரப்பட்டன. இப்பொழுது அவற்றுக்கென 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் உள்ளன. அவற்றின்படி, சேர்க்கப்பட்ட பொருள்களின் பெயர்களை அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் அட்டையில் அச்சிட வேண்டும். ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ உள்ளவற்றை மட்டும் இறுதியில் எந்த வரிசையிலும் தரலாம். இந்த ஒரு விதியை அறிந்தவர்க்கு அட்டை பாதி கதையைச் சொல்லிவிடும். மீதிக் கதை, அந்தப் பெயர்கள் லத்தீன் மொழியிலும் ரசாயன மொழியிலும் இருப்பதால் மறைந்துகிடக்கிறது. அஃதாவது, மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை இருக்கிறது.

அன்றிரவு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் தமிழாக்கம் செய்யலானேன். முதலில் நின்றது 'ஹீலியாந்தஸ் அன்னூஸ்'. ஏதோ கிரேக்கத் தேவதையின் பெயர்போல் ஒலித்தது. சூரியகாந்தி எண்ணெய் அது. அடுத்தது 'காப்ரிலிக்-காப்ரிக் ட்ரைகிளிசரைடு'. தேங்காயெண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தோ சில பகுதிகளைப் பிரித்து எடுத்து ஆக்கிய, பிசுக்கற்ற மெல்லிய எண்ணெய். மூன்றாவது 'பெக்-20 கிளிசரில் ட்ரைஐசோஸ்டியரேட்'; நாம் தேடிய சீயக்காயின் பதிலாள் இவர்தாம். பிறகு 'சேரா ஆல்பா', அஃதாவது வெள்ளைத் தேன்மெழுகு. எண்ணெயைக் களிம்பாக இறுக வைப்பது இது. அதன்பின் ஆப்பிரிக்க ஷியா மரத்துக் கொட்டையின் கொழுப்பு. எண்ணெய் சிக்கு நாற்றம் எடுக்காமல் காக்கும் வைட்டமின் ஈ. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், கடைசி வரியில், ரோஜா எண்ணெயும் குங்குமப்பூச் சாறும். பெட்டியின் முகப்பிலோ முழுப் பக்கத்துக்கு ஒரு குங்குமப்பூ மலர்ந்திருந்தது. முகப்பில் முதலாவதாக நின்றது பட்டியலில் கடைசியாக நின்றது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்று நாம் நினைக்கிறோமோ, அது அங்கே மிகச் சிறிதளவே இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

மூன்றாவதாக நின்ற அந்தப் பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைத் தமிழில் பால்மமாக்கி என்கிறோம். அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு முனைகள். ஒரு முனை எண்ணெயை நாடும்; மறுமுனை நீரை நாடும். உலர்ந்த முகத்தில் களிம்பைத் தேய்க்கும்போது அது வெறும் எண்ணெய்போல் இளகிக் கண்மையையும், நீரில் எளிதில் கரையாத வெயில்காப்புப் பூச்சையும், டில்லிச் சாலையின் புகைக்கரியையும் கரைத்துக்கொள்கிறது. பிறகு ஈரக்கையால் தேய்த்தால், அந்த எண்ணெய் சட்டென்று பால்போல் வெளுத்துவிடும். எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் நீர் நாடும் முனைகளால் போர்த்தி, நீரில் மிதக்கவிடுகிறது பால்மமாக்கி. அத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. பசும்பால் வெண்மையாகத் தோன்றுவதிலும் அதிலுள்ள கொழுப்புத் துளிகளுக்கு இதே பங்கு உண்டு. இனி நீரை வார்த்தால் எல்லாம் சேர்ந்து போய்விடும். இவ்வகைப் பால்மமாக்கிக்கு மின்னேற்றம் இல்லை. ஆதலால், கடின நீரிலுள்ள கால்சியத்தோடு அது சேர்ந்து கசடாவதில்லை.

ஆக, முதல் கேள்விக்கு விடை கிடைத்தது. சோப்பு செய்யாத ஒன்றை இது செய்கிறது. எண்ணெய் அழுக்கை எண்ணெயாலேயே எடுக்கிறது, காரம் இல்லை, கடின நீரிலும் கசடு இல்லை. இனி இரண்டாம் கேள்வி. அதற்குப் படிப்பு போதாது, பரீட்சை வேண்டும்.

எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் இதே வகையைச் சேர்ந்த மற்றொரு களிம்பு கிடைத்தது. 100 கிராம், 700 ரூபாய். மணம் சேர்க்காதது. அதன் அட்டையையும் தமிழாக்கினேன். சூரியகாந்தி எண்ணெய்க்குப் பதில் 'பாரஃபினம் லிக்விடம்', அஃதாவது நன்றாகத் தூய்மை செய்யப்பட்ட கனிம எண்ணெய். தேன்மெழுகுக்குப் பதில் செயற்கை மெழுகு. மூன்றாவதாக அதே பால்மமாக்கி. கிராம் கணக்கில் பார்த்தால் மகள் அனுப்பியது ஏறக்குறைய 38 ரூபாய். கடையில் வாங்கியது 7 ரூபாய். ஒருமுறை முகம் கழுவ ஒன்றரை கிராம் தேவைப்பட்டது. அப்படியானால் அதற்கு 57 ரூபாய்; இதற்குப் பத்தரை ரூபாய்.

ஒரு வாரம் இதையும் மறுவாரம் அதையும் பூசிப் பார்ப்பது சரியான சோதனையாகாது. வாரத்துக்கு வாரம் குளிர் மாறும், தூக்கம் மாறும், மன நிலையும் மாறும். ஆகையால், ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்தேன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததில் விலை உயர்ந்தது இடக் கன்னத்துக்கும், விலை குறைந்தது வலக் கன்னத்துக்கும் வாய்த்தன. நான்கு வாரங்கள், ஒவ்வோர் இரவும், கண்ணிமைகளை விட்டுவிட்டு, இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே வெதுவெதுப்பான நீர். பிறகு இரு பக்கமும் ஒரே ஈரக்காப்புப் பூச்சு. முடிவை நானே கூறினால் பாசமோ சிக்கனமோ கண்ணை மறைத்துவிடும். ஆதலால், நடுவராக வேறொருவர் வேண்டும்; எந்தப் பக்கம் எது என்று அவருக்குத் தெரியக் கூடாது.

குடியரசு தின விடுமுறைக்கு மகள் வந்தாள். சன்னல் வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவள் முகம் சுண்டிவிட்டது. "நான் வாங்கிக் கொடுத்ததைப் பரீட்சை பார்த்தாயா, அம்மா?" என்றாள். பிறகு அவளுக்கே ஆவல் பிறந்துவிட்டது. இரு கன்னங்களையும் தொட்டுப் பார்த்தாள். உருப்பெருக்கி ஆடியைக்கூட எடுத்துவந்தாள். இறுதியில், "இரண்டும் முன்பைவிட மென்மையாக இருக்கின்றன. எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை" என்றாள். எனக்கும் அதே அபிப்பிராயந்தான். சோப்பை நிறுத்தியதால் இருபக்கமும் வறட்சி குறைந்திருந்தது. ரோஜா மணமும் கையில் குழையும் நயமும் இடப்பக்கத்துக்கு உரியவை. கழுவி முடித்தபின் கன்னத்தில் எஞ்சிய வேறுபாடு ஒன்றும் இல்லை. ஒரு முகத்தில் ஒரு மாதம் செய்த சோதனை உலகுக்கெல்லாம் சட்டமாகாது. எனினும், என் முகத்துக்கு அது போதுமான சாட்சியம்.

இவ்வாறு இருப்பது ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. முகம் கழுவும் பொருள் தோலின்மேல் தங்கும் நேரம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். பிறகு அது சாக்கடையில் போய்ச் சேர்கிறது. அதில் குங்குமப்பூ இருந்தாலும் பொன் துகள் இருந்தாலும் தோலுக்கு அதனால் விளையக்கூடிய நன்மைக்கு அவகாசம் மிகக் குறைவு. தூய்மை செய்யும் வேலையைச் செய்பவை எண்ணெயும் பால்மமாக்கியுமே. அவை இரண்டு சிமிழ்களிலும் இருந்தன. கூடுதல் விலை பெரும்பாலும் மணத்துக்கும், கண்ணாடிச் சிமிழுக்கும், பெயருக்கும், விளம்பரத்துக்கும் உரியது. மணத்தையும் அழகிய சிமிழையும் விரும்புவது குற்றமன்று. பட்டுப் புடவை குளிரைத் தாங்குவதற்காகவா வாங்கப்படுகிறது? ஆனால் எதற்குப் பணம் தருகிறோம் என்று அறிந்து தருவது நலம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவள் அன்பளிப்பை வீணாக்கக் கூடாதென்று அந்தக் களிம்பையே முகம் முழுவதும் பூசலானேன். கண்மையை எடுக்க இமைகளிலும் தேய்த்தேன். மூன்றாம் வாரம் இரண்டு இமைகளும் சிவந்து அரிப்பெடுத்தன. தூசி என்று நினைத்தேன். கண் விழித்து வேலை செய்ததால் என்று நினைத்தேன். விலை உயர்ந்த பொருள்மேல் மனம் ஐயங்கொள்ளவே மறுத்தது. இமை வீங்கிய பிறகே தோல் மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் கேட்டது, "முகத்துக்குப் பூசுபவற்றை எல்லாம் கொண்டுவந்தீர்களா?" என்பதே. சிமிழின் அட்டையைப் படித்து, கடைசி வரியிலிருந்த 'லினலூல்', 'சிட்ரோனெல்லால்', 'ஜெரானியால்' என்னும் பெயர்களைச் சுட்டினார். ரோஜா எண்ணெயில் இயற்கையாகவே அமைந்த மணப்பொருள்கள் அவை. சிலருக்கு ஒவ்வாமையைத் தோற்றுவிப்பவை. முதல் நாளிலேயே அது தெரிவதில்லை. பலமுறை பட்டபிறகே உடல் அதனைப் பகையாக எண்ணத் தொடங்கலாம் என்றார். இமையின் தோல் முகத்திலேயே மிக மெல்லியது. ஆதலால் அங்கே முதலில் வெளிப்படும். எது காரணம் என்று உறுதியாக அறிய முதுகில் ஒட்டுச் சோதனை செய்ய வேண்டும். இப்போதைக்குக் களிம்பை நிறுத்துங்கள் என்று கூறி மருந்தும் தந்தார். ஒரு வாரத்தில் இமைகள் தெளிந்தன.

அட்டை முழுவதையும் தமிழாக்கம் செய்தவள் நான். அந்தக் கடைசி வரியை, மிகச் சிறிதளவு உள்ளவைதாமே என்று அலட்சியமாகத் தாண்டிவிட்டேன். நன்மைக்குப் போதாத அளவு, தீமைக்குப் போதுமானதாக இருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு கோப்பில் இத்தகைய பிழையைச் செய்திருந்தால் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

இந்த அனுபவத்திலிருந்து, நம்மவர்க்குப் பயன்படக் கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கண்மை, ஒப்பனை, நீரில் கரையாத வெயில்காப்புப் பூச்சு ஆகியவற்றை அன்றாடம் அணிபவர்களுக்கும், நாட்டிய அரங்கேற்றத்துக்கு முகமெல்லாம் வண்ணம் பூசிக்கொள்ளும் குழந்தைகளுக்கும் இத்தகைய களிம்பு மெய்யாகவே உதவும். இவை ஒன்றும் இல்லாதவர்க்கு, காரமில்லாத, மணமில்லாத முகத்திரவம் ஒன்று போதும். வெறும் தேங்காயெண்ணெயே போதாதா என்பார்கள். பலருக்குப் போதும், ஆனால் பருக்கள் தோன்றும் இயல்புடைய முகத்தில் அது துளைகளை அடைத்துத் தொல்லை தரலாம். சீயக்காய்த் தூளை முகத்தில், அதிலும் கண்ணருகில், தேய்க்க வேண்டாம். அது உராய்ந்து எரிச்சலூட்டும்.

களிம்பை உலர்ந்த கையால் உலர்ந்த முகத்திலேயே பூசுங்கள். முதலிலேயே நீர் பட்டால் அது அழுக்கைக் கரைக்குமுன் பாலாகிப் போய்விடும். அரை நிமிடம் மெல்லத் தேய்த்து, பின்னர் ஈரக்கையால் பாலாக்கி, வெதுவெதுப்பான நீரால் நன்றாக அலசுங்கள். சிமிழுக்குள் ஈரவிரலை விடாதீர்கள். நீரற்ற களிம்பில் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. நீரைக் கொண்டு சேர்ப்பது நாமாக இருக்கக் கூடாது. புதிய பொருள் எதுவாயினும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில், ஒரு வாரம் பத்து நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அரிப்பு, சிவப்பு, வீக்கம் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்; விலையை எண்ணித் தொடராதீர்கள்.

வாங்கும்போது அட்டையைப் புரட்டிப் பாருங்கள். செய்தவர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, நிகர எடை, வரிகள் உட்பட்ட அதிகபட்ச விலை ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதி செய்தவர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். மூடி திறந்த சிமிழின் படத்துக்குள் '12 எம்' என்றிருந்தால், திறந்தபின் 12 மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பொருள். 'ஒவ்வாமை தராதது' என்று பொருள்படும் 'ஹைப்போ அலர்ஜெனிக்' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். அச்சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமே கூறுகிறது. 'தோல் மருத்துவர் சோதித்தது' என்ற வாசகமும் சோதனை நடந்ததைக் கூறுகிறதேயன்றி, அதன் முடிவைக் கூறுவதில்லை. 'இயற்கையானது' என்பதும் காப்புறுதியன்று. என் இமையைச் சிவக்கச் செய்தது ரோஜாதானே.

இமை வீங்கியதைப் பல நாள் மகளிடம் சொல்லவில்லை. அவள் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "நன்றாக இருக்கிறது" என்றே மழுப்பி வந்தேன். ஒருநாள் முகம் பார்த்துப் பேசும்போது அவளே கண்டுபிடித்துவிட்டாள். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "விலை அதிகமாக இருந்தால் உனக்கு நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன், அம்மா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்; அரிப்பெடுத்தும் விடாமல் பூசிக்கொண்டிருந்ததற்கு வேறென்ன காரணம்?

அவளுக்கு ரோஜா எண்ணெய் எந்தத் தீங்கும் செய்வதில்லை. எப்பொழுதும் சிறு கரண்டியாலேயே எடுத்து வந்ததால் சிமிழ் சுத்தமாக இருந்தது. பெங்களூர் செல்லும் உறவினர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினேன். அதனோடு அட்டையின் தமிழாக்கத்தை ஒரு தாளில் எழுதி வைத்தேன். இம்முறை கடைசி வரியையும் விடாமல், அடிக்கோடிட்டு எழுதினேன்.